மேலூர் தாண்டியாச்சு

மதுரைக்கும் சென்னைக்கும் நடுவிலிருந்த ரோடு நீள ஆரம்பித்த வருஷத்தில், அதை முதலில் கண்டுபிடித்தது அதிகாரிகளும் இல்லை, பேப்பர்காரர்களும் இல்லை, ஒரு டோல்கேட்டில் ஏறி அடுத்த டோல்கேட்டில் இறங்கும் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பொம்பளைகள்தான். கூடை காலியாகி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தீர்ந்து, இன்னும் இறங்குகிற இடம் வரக்காணோமே என்று அவர்கள் டிரைவரைப் போட்டு ஏசினார்கள், டிரைவர் ரோட்டை ஏசினான், ரோடு பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. எட்டு மணி நேரம் ஒன்பதானது, ஒன்பது பதினைந்தானது, பதினைந்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆனது, ஆடி முடிவதற்குள் ஒரு வாரமானது. அளந்து பார்த்து வருகிறோம் என்று ஜீப்பில் போன அதிகாரிகள் இன்றைக்கு வரைக்கும் திரும்பவில்லை, ஆனால் போன் போட்டால் எடுத்து, "முடியப்போகுதுங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்று நல்லபடியாகப் பதில் சொன்னார்கள்.

ஆகாயத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. விமானம் எப்போதும்போல ஒண்ணேகால் மணி நேரத்தில் போய் இறங்கியது, ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்கள் கீழே ரோடு முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடக்கிறது என்று இறங்கினதும் சொன்னார்கள். ஆனால் விமானத்தில் அடுத்த சித்திரை வரைக்கும் ஒரு சீட்டுக்கூடக் கிடையாது, ஏறிப் போன புண்ணியவான்கள் போனதோடு சரி.

இதற்காக ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்தால் நீங்கள் நம் ஜனங்களைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பெரம்பலூருக்கும் பாடாலூருக்கும் நடுவில் யார் பட்டாவிலும் இல்லாத புது நிலம் முளைத்தது, மறுநாளே அதில் ஒரு கட்சிக் கொடிக்கம்பமும், அதற்கு எதிரே இன்னொரு கட்சிக் கொடிக்கம்பமும், இரண்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடையும், கடைக்குப் பின்னால் வழிநீட்டிப் பிள்ளையார் என்று ஒரு பிள்ளையாரும் வந்துவிட்டார்கள். பஸ்களில் கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு அடுப்பு வைத்தார்கள், சாமான் வைக்கிற கம்பியில் தொட்டில் கட்டினார்கள், கூரையில் வடகம் காயப்போட்டார்கள். ஒரு பஸ்ஸில் பெண்வீட்டார் முன்பக்கமும் மாப்பிள்ளை வீட்டார் பின்பக்கமும் உட்கார்ந்து கல்யாணமே நடந்தது. சென்னைக்குத் தக்காளி ஏற்றிப்போன லாரி, பழம் அழுகி, விதை முளைத்து, செடி காய்த்து, புதுத் தக்காளியோடு போய்ச் சேர்ந்தது. வழியனுப்ப வருகிறவர்கள் சிங்கப்பூருக்கு அனுப்புகிற மாதிரி மாலையும் அழுகையுமாக வந்தார்கள், பிறகு அதுவும் பழகிப்போய், மாலையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மதுரையில் ஸ்ரீ மடைக்கருப்பு டிராவல்ஸ் என்று ஒரு கம்பெனி. அதில் போன் எடுக்கிறவள் ஜெயக்கொடி. பத்தொன்பது வருஷமாக அவள் வேலை ஒன்றே ஒன்றுதான்: "பஸ் எங்கங்க வருது?" என்று கேட்கிறவர்களுக்கு, பஸ் எங்கே இருந்தாலும், செங்கல்பட்டில் டயர் கழற்றிக் கிடந்தாலும், "மேலூர் தாண்டியாச்சுங்க" என்று சொல்வது. மேலூரிலிருந்து மதுரை முக்கால் மணி நேரம். கேட்கிறவன் மனசு குளிர அது போதும். வாய் கூசாமல் சொல்வாள், அதுவும் எப்படி, தானே இறங்கி மேலூரில் கையாட்டிவிட்டு வந்த மாதிரி சொல்வாள். முதலாளி சோலைமலை அவளை வேலைக்கு எடுத்ததே அந்தக் குரலுக்காகத்தான்.

அவள் புருஷன் தவமணி அதே கம்பெனியில் டிரைவர். முப்பத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டுக் கிளம்பிப் பதினேழு நாளாகியிருந்தது. தினமும் மத்தியானம் போன் வரும்.

"எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன் ஜெயக்கொடி. கொட்டாம்பட்டி தாண்டிட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ டாக்டரம்மாவப் பார்த்தியா? என்னவாம்?"

"ஒண்ணுமில்லங்க, சும்மா ஒரு ஸ்கேன். நீங்க பைய வாங்க."

கொட்டாம்பட்டி தாண்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சும்மா ஒரு ஸ்கேன் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. கர்ப்பப்பையில் ஒரு கட்டி, பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு. ரெண்டு மாசமாக வளர்கிறது, இனி தள்ளிப்போட முடியாது, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டரம்மா தேதி குறித்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால்தான் எந்த மாதிரிக் கட்டி என்று சொல்ல முடியும் என்றும் சொன்னாள்.

"கூட யார் இருப்பாங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"எங்க வீட்டுக்காரரு."

"எங்க இருக்காரு?"

"மேலூர் தாண்டிட்டாருங்க," என்றது ஜெயக்கொடியின் வாய், அவளைக் கேட்காமலே. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து, ஆட்டோ ஸ்டாண்டில் நின்று, அவள் அழுதாள்.

டிரைவர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, அதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் தாலி கட்டிய மறுவாரமே தெரிந்துவிடும்: ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற மனுஷனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது. காய்ச்சலா, இல்லை என்று சொல்ல வேண்டும். வீட்டில் சண்டையா, சிரித்துப் பேச வேண்டும். தவமணியின் ஆத்தா செத்தபோதுகூட ஜெயக்கொடி, "அத்தைக்கு லேசா மூச்சிரைப்பு, நீங்க பைய வாங்க" என்றுதான் சொன்னாள், சொல்லிவிட்டுப் போனை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு ஒப்பாரியில் போய் உட்கார்ந்தாள். அவன் பின்னால் முப்பது நாற்பது உயிர் உட்கார்ந்திருக்கிறது, கை ஒரு சாண் பிசகினால் என்ன ஆகும்? அதனால் அவள் இப்போதும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவன் வராமல் அவள் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குள் போகப்போவதும் இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த பஸ்ஸ நான் கொண்டாந்து சேக்கலேன்னா என் பேரு ஜெயக்கொடி இல்ல" என்று ஆட்டோவில் உட்கார்ந்து சத்தமாகவே சொன்னாள். ஆட்டோக்காரன் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினான். அது திங்கட்கிழமை.

அன்றைக்குச் சாயங்காலம் டிராவல்ஸ் வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. சென்னையிலிருந்து அழகர்கோவிலுக்கு வந்த கோஷ்டி, நாற்பது பேர், எல்லாரும் மௌன விரதம். பேயைப் பார்த்த மாதிரி தெருவே அந்த பஸ்ஸைப் பார்த்தது, ஏனென்றால் அது அன்று காலையில்தான் கிளம்பியிருந்தது.

"எட்டு மணி நேரந்தான்க்கா ஆச்சு," என்றான் அதன் டிரைவர், தானே நம்பாத முகத்தோடு. "ரோடு அதே ரோடுதான். ஒரு பய போன் பேசல. எனக்கும் பேச்சுத்துணை இல்ல, என் போன்ல சார்ஜும் இல்ல."

ஜெயக்கொடி நின்ற இடத்திலேயே நின்றாள். விமானத்தில் ஏறினால் போனை அணைக்கச் சொல்கிறார்கள், விமானம் ஒண்ணேகால் மணி நேரத்தில் போகிறது. இந்த பஸ்ஸில் யாரும் போன் பேசவில்லை, எட்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. மற்ற பஸ்களில் என்ன பேசுகிறார்கள்? விழுப்புரத்தில் நின்றுகொண்டு மதுரைக்காரனிடம் திருச்சி தாண்டிட்டேன் என்கிறார்கள். குளித்துக்கொண்டே கிளம்பிட்டேன் என்கிறார்கள். இதோ தெருமுனையில இருக்கேன், அஞ்சே நிமிஷம், வந்துட்டேன், வந்துட்டேன், வந்துட்டேன். ஒவ்வொருத்தனும் தாண்டாமலே தாண்டியதாகச் சொன்ன தூரத்தையெல்லாம் அந்த ரோடு யாருக்கும் தெரியாமல் தன் மேலேயே போட்டுக்கொண்டிருக்கிறது, பாவம், அதுவும் எவ்வளவு தாங்கும்? அப்படிப் பார்த்தால் இந்த ஊரிலேயே அதிகமாக ரோட்டை நீட்டியது யார்? பத்தொன்பது வருஷம், ஒரு நாளைக்கு இருநூறு போன்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் போன் வந்தது. சோலைமலை எதிரே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"பஸ் எங்கங்க வருது?"

"தெரியாதுங்க," என்றாள் ஜெயக்கொடி. "பதினெட்டு நாளா வரல. எப்ப வரும்னும் தெரியாது. மேலூர் தாண்டல. நான் இதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொன்னதெல்லாம் பொய்."

வெற்றிலை சோலைமலையின் கையிலேயே நின்றது. "அடிப் பாதகத்தி, என்ன சொல்ற நீ?"

"உள்ளதச் சொல்றேன்."

"உள்ளதச் சொன்னா எவன் டிக்கெட் போடுவான்? ஊரு ஒலகமே இதுக்குப் பழகிருச்சு. நானே இப்பத்தான் பஸ்ஸுக்கு ஒரு சமையல்காரன்னு ஆள் போட்டு வச்சிருக்கேன். உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

"கேடு வந்திருக்கு மொதலாளி, வயித்துல. வெள்ளிக்கிழமை அறுக்கப் போறாங்க. அதுவரைக்கும் என் வாய் என்னோடது. அதுக்கப்புறம் வேலைய விட்டுத் தூக்குங்க, வேணாங்கல."

சோலைமலை கோபக்காரர்தான், ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவள் தவமணிக்குப் போன் போட்டாள். நல்லவேளை, அவன் புது நிலத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தான்.

"எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன், கொட்டாம்பட்டி..."

"என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. தவமணி மெதுவாகச் சொன்னான்: "பெரம்பலூர் தாண்டி ஒம்பது நாளாச்சு ஜெயக்கொடி. பாடாலூர் இன்னும் வரல. வருமான்னும் தெரியல. எனக்கே கிலி பிடிச்சுப்போச்சு, வண்டியில இருக்கறவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு பாட்டுப் போட்டு விடுறேன்."

அவன் சொல்லி முடிக்கவில்லை, டீக்கடைக்காரர் "ஏய், ஏய்" என்று கத்துகிற சத்தம் கேட்டது. கடைக்கு எதிரே, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வெறும் கருவேலங்காடாக இருந்த இடத்தில், பாடாலூர் என்று எழுதின கல் நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஜெயக்கொடி அந்த பஸ்ஸை விடவில்லை. தவமணியின் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, முப்பத்தாறு பேரிடமும் விஷயத்தைச் சொன்னாள்: யார் யாரிடம் எங்கே இருப்பதாகப் புளுகினீர்களோ அவர்களுக்கெல்லாம் போன் போட்டு உள்ளதைச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் மதுரையில் இருப்பீர்கள், இல்லாவிட்டால் இந்த பஸ்ஸிலேயே பேரன் பேத்தி எடுங்கள். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருத்தன் மேனேஜருக்குப் போட்டு, திருச்சியில் இருக்கேன் என்று சொன்னது பொய் என்றான். வேலை போனது, பஸ் சமயபுரம் போனது. ஒரு பெண் மாமியாருக்குப் போட்டு, "நான் இன்னும் சமயபுரத்துலதான் இருக்கேன் அத்தே, உங்க வீட்டுக்கு வர எனக்கு ஒண்ணும் அவசரமும் இல்ல" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்ல, காவிரிப்பாலம் சக்கரத்துக்கு அடியிலேயே வந்து நின்றது. பஸ் முழுக்கக் கைதட்டினார்கள்.

மனை விற்கிற புரோக்கர் ஒருத்தர் இருந்தார், அவர்தான் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிஷம் என்று சொல்லி விற்ற மனைகள் நாற்பத்தொன்று. நாற்பத்தொரு பேருக்கும் போன் போட்டு, "பத்து நிமிஷம் இல்லங்க, ஒன்றரை மணி நேரம், அதுவும் பஸ் வந்தா" என்று சொல்லிச் சொல்லி வசவு வாங்கி, கடைசி ஆளிடம் அழுதேவிட்டார். ஆனால் அந்த மனுஷன் புண்ணியத்தில் விராலிமலையும் துவரங்குறிச்சியும் ஒரே மூச்சில் கடந்தன. இந்தச் சேதி பஸ்ஸுக்கு பஸ் பரவி, மற்ற வண்டிகளிலும் ஆட்கள் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, ஒவ்வொருத்தருக்காகப் போன் போட ஆரம்பித்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு மீதிப் பேரோடு பேச்சுவார்த்தை நின்றது. ரோடு சுருங்கிக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை ஜெயக்கொடி மேலூர் ரோட்டிலிருந்த ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் அரசிக்கு விமானத்தில் சீட் கிடைக்கவில்லை; மணிக்கொரு தரம் போன் போட்டு, "அப்பா எங்கம்மா வராரு?" என்று கேட்டாள். "தெரியலடி, வரலடி" என்று ஒவ்வொரு தரமும் உள்ளதைச் சொன்னாள் தாய்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பச்சை அங்கியை மாட்டி, வளையல்களைக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்போது தவமணியின் போன் வந்தது.

"ஜெயக்கொடி, மேலூர் வந்துட்டேன். இது நெசம், ஆணையா நெசம். ஆனா மேலூர் தாண்ட முடியல. ஆறு மணியிலருந்து மூணு தடவ தாண்டிட்டேன், மறுபடியும் மேலூர் போர்டுதான் வருது. எல்லாரும் எல்லாத்தையும் சொல்லியாச்சு. வண்டியில ஒரு பொய் பாக்கி இல்ல. பெறகு என்ன?"

ஜெயக்கொடி கண்ணை மூடினாள். வண்டியில் ஒரு பொய்யும் பாக்கி இல்லை, சரிதான். வெளியே ஒன்று பாக்கி இருந்தது. அது அவள் வயிற்றில் கட்டியோடு கட்டியாக உட்கார்ந்திருந்தது. சொன்னால் அவன் கை நடுங்கும், பின்னால் முப்பத்தாறு உயிர். சொல்லாவிட்டால் அவன் மேலூரைச் சுற்றிக்கொண்டே இருப்பான், இவள் தனியாக உள்ளே போவாள், போனவள் வெளியே வருவாளோ மாட்டாளோ.

"வண்டிய ஓரம் கட்டுங்க," என்றாள். "ஹேண்ட் பிரேக் போடுங்க. சாவிய எடுத்துட்டுக் கீழ எறங்குங்க."

"எதுக்கு?"

"எறங்குங்கன்னா எறங்குங்க."

கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"சும்மா ஸ்கேன்னு சொன்னேன்ல, அது பொய். கட்டி இருக்கு. பதினோரு மணிக்கு ஆபரேஷன். எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுமாம் நல்லதா கெட்டதான்னு. எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க இல்லாம எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"எத்தன நாளா?" என்றான் தவமணி.

"ரெண்டு மாசமா."

"எங்காத்தா செத்த அன்னிக்கு நான் பாட்டக் கேட்டுக்கிட்டே வந்தேன் ஜெயக்கொடி. தெருமுனை வரைக்கும் பாட்டு. சிரிச்ச மொகத்தோட எறங்கினேன், அங்க பந்தல் போட்டிருக்கு. அத நெனச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்காது. அன்னிக்கே நீ சொல்லியிருக்கணும்."

"உங்க கை நடுங்குமேன்னு..."

"இந்தா, இப்ப என் கையப் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். நடுங்கல. வயிறுதான் எரியுது. வண்டிய எடுக்கறேன்."

"பைய வா..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருஷமாகத் தினம் சொன்ன அந்த வார்த்தையும் ஒரு நாள்கூட உண்மையாக இருந்ததில்லை. "வெரசா வாங்க," என்றாள் ஜெயக்கொடி. "எவ்வளவு வெரசா முடியுமோ அவ்வளவு வெரசா வாங்க."

பத்தரைக்கு ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார்கள். ஏற மாட்டேன் என்றாள். டாக்டரம்மாவே வந்தாள், "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க. ஆனா பதினோரு மணின்னுதான சொன்னீங்க. பதினோரு மணி வரைக்கும் நான் நிப்பேன்."

பத்து முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போக, கூரையில் வடகம் காய்ந்துகொண்டிருந்த ஒரு பஸ் நேராக உள்ளே வந்து, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் நின்றது. இருபது நாள் தாடியோடு ஆம்பிளைகளும், கொண்டை கலைந்த பொம்பளைகளும், கண் வீங்கின மனை புரோக்கரும் இறங்கி, தங்கள் மூட்டைகளைக்கூடப் பார்க்காமல், டிரைவருக்கு வழிவிட்டு ரெண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். தவமணி மாடிப்படியில் ரெண்டு ரெண்டு படியாக ஏறி வந்தான். வந்தவன் அவளுடைய வளையலில்லாத கையைப் பிடித்தான், அவன் கை நடுங்கவில்லை, அவள் கைதான் நடுங்கியது. அவளே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

தலைமாட்டில் போன் அடித்தது. அரசி. "அம்மா, அப்பா எங்கம்மா வராரு?"

பத்தொன்பது வருஷப் பழக்கம், ஜெயக்கொடியின் வாய் மேலூர் என்று குவிந்தது. அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"வரலடி," என்றாள். "வந்துட்டாரு. என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். அங்கிருந்து தியேட்டர் கதவு இருபது அடி. தவமணி கையை விடாமல் கூடவே நடந்தான். இருபது அடியும் இருபது அடியாகவே இருந்தது.